முதுகெலும்பு எம்.ஆர்.ஐ: படிவத்தை மகனிடம் தள்ளாதீர்கள்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ டெக்னீசியனாக இருக்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், காசிமேட்டில் வலை இழுத்தவர், நாள் முழுக்க ஆட்டோ ஓட்டுகிறவர் என்று முதுகுவலிக்குப் பஞ்சமே இல்லாத ஏரியா. முதல்முறை வருகிறவர்கள் செய்கிற தவறுகளும் மாறுவதே இல்லை. போன், வாட்ச், பர்ஸ் வெளியே என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

வெறும் வயிற்றோடு வருவது

சாதாரண முதுகெலும்பு ஸ்கேனுக்குப் பட்டினி தேவையில்லை. இட்லியோடு சேர்த்து பிரஷர் மாத்திரையையும் வலி மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறார்கள். அப்புறம் அரைமணி நேரம் மல்லாந்து படுக்க முடியாமல் தவிக்கிறார்கள். ஊசி மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் என்றால் மட்டும் சில மணி நேரம் சாப்பிட வேண்டாம் என்று சென்டரில் சொல்லலாம். அந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) கேட்பார்கள்.

படிவத்தை வேறொருவர் நிரப்புவது

வந்ததும் ஒரு படிவம் தருவோம். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் கருவி, உடம்பில் இரும்புச் சில்லு என்று வரிசையாகக் கேள்விகள். நோயாளி வலியோடு பெஞ்சில் சாய்ந்திருப்பார். கூட வந்த மகன் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்து நீட்டுவார். இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இடுப்பு ஸ்கேன், படிவம் முழுக்க 'இல்லை'. கதவருகே நிறுத்தி, "ஐயா, என்ன வேலை பார்த்தீங்க?" என்றேன்.

"லேத்து பட்டறை தம்பி. கிரைண்டிங்."

"கண்ணுல இரும்புத்தூள் எப்பவாவது பட்டிருக்கா?"

"பட்டறைன்னா படாம இருக்குமா? கர்ச்சீப் முனையால எடுத்துடுவோம். ஒரு தடவை மட்டும் எழும்பூர் கண்ணாஸ்பத்திரில எடுத்தாங்க."

மகன் திருதிருவென்று விழித்தார். அப்பா அதை ஆபரேஷன் கணக்கிலேயே சேர்த்ததில்லை, வீட்டில் சொன்னதும் இல்லை.

எங்கள் இயந்திரத்தின் காந்த பலம் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாதபோதும், ராத்திரி பூட்டிய பிறகும் அந்தக் காந்தம் அப்படியேதான் இருக்கும். கண்ணுக்குள் வலியில்லாமல் பல வருஷம் தங்கிவிட்ட பொடி இரும்புச் சில்லு அங்கே அசைந்தால் பார்வையே போகலாம். பெரியவரைக் கண் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னோம். படம் சுத்தமாக இருந்தது, சாயங்காலம் ஸ்கேன் முடிந்தது. அரைநாள் கூலி போச்சே என்று மகனுக்கு என்மேல் கோபம். டிக் அடிக்கும் முன் அப்பாவைக் கேட்டிருந்தால் எக்ஸ்ரே காலையிலேயே முடிந்திருக்கும்!

எண்ணூர், மணலி, வியாசர்பாடிப் பட்டறைகளில் வெல்டிங், கிரைண்டிங் செய்தவர்கள், யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள். ஸ்டென்ட், முதுகில் வைத்த ராடு போன்றவற்றில் பெரும்பாலும் பிரச்சினை வராது, ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். பேஸ்மேக்கர் என்றால் அதன் அட்டை இல்லாமல் வராதீர்கள். உள்ளே துணைக்கு வருகிறவருக்கும் இதே கேள்விகள்தான். 2018-ல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போய் உயிரைவிட்டவர், நோயாளிக்குத் துணையாக வந்த உறவினர்.

ஊக்கு

தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்குகளை எண்ணிக் கழற்றுங்கள். அரைஞாண் கொடியும் தாயத்தும் இடுப்பு ஸ்கேனில் சரியாகப் படம் எடுக்கிற இடத்திலேயே கிடக்கும்.

நடுவில் அசைவது

ஒரு பகுதிக்கு 20 முதல் 30 நிமிடம். டக டக, கர்ர்ர் என்று கத்தும், காதுக்கு அடைப்பான் தருவோம். சத்தம் நின்றதும் முடிந்துவிட்டது என்று திரும்பிப் படுக்கிறார்கள். அது அடுத்த வரிசைப் படத்துக்கான இடைவெளி. அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. கழுத்து ஸ்கேன் என்றால் சத்தம் ஓடும்போது எச்சில் விழுங்குவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே பாத்ரூம் போய்வந்துவிடுங்கள். கையில் ஒரு ரப்பர் பல்பு தருவோம், முடியவில்லை என்றால் அமுக்கினால் போதும். மூடிய இடம் பயம் என்றால் படுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். இடுப்பு ஸ்கேனுக்குப் பல இயந்திரங்களில் கால் முதலில் போகும்படி படுக்க வைக்கலாம்.

பழைய படங்களை வீட்டில் விடுவது

எடுத்துவாருங்கள். ஆபரேஷன் ஆன முதுகு என்றால் கட்டாயம்.

ரிப்போர்ட்டை ஆட்டோவிலேயே பிரிப்பது

'டிஸ்க் பல்ஜ்', அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு கொஞ்சம் பிதுங்கியிருப்பது, வலியே இல்லாத ஆட்களின் ஸ்கேனிலும் சகஜமாக வரும், வயது ஏற ஏற இன்னும் அதிகம். உங்கள் காலைத் தூக்கிப் பார்த்த டாக்டர்தான் அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டும்.

தேதிக்காகக் காத்திருப்பது

இடுப்புவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, போவதே தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ எங்களிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்டு நிற்காதீர்கள். அன்றைக்கே ஸ்டான்லி மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஸ்கேனை அவர்களே எடுக்க வைப்பார்கள்.