டால்மேஷன் நாய் வளர்க்கிறவர்களுக்கு
குட்டி வாங்கப் போனால் புள்ளியை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். பிறக்கும்போது வெள்ளையாகத்தான் இருக்கும், புள்ளி அப்புறம் வரும். காதைப் பாருங்கள். இந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். தூங்கும் குட்டிக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கினால் காது அசைய வேண்டும். (ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது.)

எங்கள் பெருந்துறைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலில் நாய்க்கும் ஒரு பங்கு உண்டு. டால்மேஷனுக்கு அது ஆகாது. இதன் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம் போகும், கல் சேரும். ஆண் நாய்க்கு அடைத்துக்கொள்ளும். முட்டை, தயிர்ச்சோறு பரவாயில்லை. தண்ணீர்ச் சட்டி எந்நேரமும் நிறைந்திருக்கட்டும். காலைத் தூக்கி நின்று முக்கியும் சொட்டுச் சொட்டாக வந்தால் அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

முடி வருஷம் முழுக்கக் கொட்டும், சீமாறுதான் வழி. குதிரை வண்டியோடு ஓடிய இனம் என்பதால் கட்டிப்போட்டால் செருப்பெல்லாம் காலி. வெயில் ஏறுமுன் கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஓடவிடுங்கள்.