செமி ஆட்டோமேட்டிக்கில் டிரையர் சுற்றவில்லையா? கழற்றும் முன் காதைக் கொடுங்கள்

நம் வீடுகளில் டிரையர் என்றால் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டிதான். சூடு எதுவும் கிடையாது. நிமிடத்துக்கு 1300, 1400 சுற்று சுற்றியே துணியில் இருக்கும் தண்ணீரை உதறித் தள்ளிவிடும். துவைக்கும் தொட்டிக்கு ஒரு மோட்டார், இதற்குத் தனியாக ஒரு மோட்டார். அதனால் துவைக்கும் பக்கம் நன்றாக ஓடுகிறது என்றால் பிளக்கும் கரண்டும் சரி என்று மட்டும்தான் அர்த்தம். டிரையர் மோட்டாரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

தொட்டியைக் காலி செய்து, மூடியை மூடி, டைமரை இரண்டு நிமிடத்துக்குத் திருப்புங்கள். சத்தமே வராமல் இருக்கலாம். 'உம்ம்' என்று உறுமிக்கொண்டு நிற்கலாம். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் தொட்டி அசையாமல் இருக்கலாம். துணி போட்டால் மட்டும் தடதடவென்று ஆடி நின்றுவிடலாம். இந்த நான்கும் நான்கு வேறு இடத்துக் கோளாறு. உறுமல் கேட்டால் மூன்று நான்கு விநாடிக்கு மேல் விடாதீர்கள். சுற்றாமல் கரண்ட் இழுக்கும் மோட்டார் சீக்கிரம் சூடேறிவிடும். வார்னிஷ் கருகிய வாடை வந்துவிட்டால் நூறு ரூபாய் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

சத்தமே இல்லை என்றால்

டிரையர் மோட்டாருக்குப் போகும் கரண்ட் இரண்டு கான்டாக்டைத் தாண்டிப் போக வேண்டும். ஒன்று டைமருக்குள், இன்னொன்று மூடி ஸ்விட்சில். இரண்டும் ஒரே வரிசையில் இருப்பதால் எது விட்டாலும் மோட்டார் செத்த மாதிரிதான் இருக்கும். டைமர் 'டிக் டிக்' என்று ஓடுகிறதே என்று அதைச் சரி என முடிவு கட்டிவிட வேண்டாம். ஓடுவது ஸ்பிரிங், கரண்டைக் கடத்துவது உள்ளே இருக்கும் கான்டாக்ட். ஸ்பிரிங் நன்றாக இருக்க, கான்டாக்ட் கருகிப் போயிருப்பது சர்வ சாதாரணம்.

முதல் சந்தேகம் மூடி ஸ்விட்ச் மேல்தான் வரவேண்டும். டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போது, மூடிய மூடியைக் கீல் பக்கம் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மோட்டார் சட்டென்று கிளம்பினால் கோளாறு அங்கேதான். கீல் தேய்ந்து மூடி சரியாக உட்காராமல் இருக்கும், அல்லது மூடியின் அடியில் ஸ்விட்சைத் தள்ளும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கும்.

அழுத்தியும் பலன் இல்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் பேனலைத் திறக்க வேண்டும். ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதாது, பிளக்கையே எடுத்துவிட வேண்டும். பேனலின் பின்பக்கம் இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பேனல் முன்பக்கமாகத் தூக்கிக்கொண்டு வரும். எதையும் பிரிக்கும் முன் போனில் இரண்டு மூன்று போட்டோ எடுத்துவிடுங்கள். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு மாட்ட முடியாது.

மூடி ஸ்விட்ச் என்பது இரண்டு மெல்லிய தகடு, நுனியில் ஆளுக்கு ஒரு பொட்டு. மூடி மூடினால் பொட்டும் பொட்டும் முட்ட வேண்டும். சோப்புத் தண்ணீர் ஆவி பட்டுப் பட்டு அதில் பச்சையாகவோ கருப்பாகவோ படிந்திருக்கும். ஜீரோ நம்பர் உப்புத்தாளை இரண்டாக மடித்துப் பொட்டுகளுக்கு நடுவில் விட்டு நாலு இழுப்பு இழுத்தால் பல மெஷின்கள் அப்போதே உயிர் பெறும். தகடு வளைந்திருந்தால் மூக்கு பிளையரால் கொஞ்சமாக நிமிர்த்தலாம். பொட்டு குழி விழுந்து போயிருந்தால் சுரண்டிப் பயனில்லை, ஸ்விட்சை மாற்றிவிடுங்கள். விலையும் பெரிதாக இருக்காது.

மல்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம். பீப் வரும் நிலையில் வைத்து, டைமரின் இரண்டு வயரில் தொடுங்கள். டைமரைத் திருப்பினால் பீப் வர வேண்டும், பூஜ்யத்துக்கு வந்ததும் நிற்க வேண்டும். மூடி ஸ்விட்சிலும் அதே சோதனை: மூடினால் பீப், திறந்தால் மௌனம். இரண்டும் சரி என்றால் பின்பக்க மூடியைத் திறந்து வயர்களைப் பாருங்கள். அடிவழியாக எலி புகுந்து வயரைக் கடித்துத் துண்டாக்கியிருப்பது நம் ஊர் மெஷின்களில் நாம் நினைப்பதைவிட அதிகம். எலிப் புழுக்கை கண்ணில் பட்டால் ஒவ்வொரு வயரையும் விரலால் வருடிப் பார்த்துவிடுங்கள்.

மூடி ஸ்விட்ச் கெட்டதும் அதன் இரண்டு வயரையும் நேராக முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. இதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூடியைத் திறந்தாலும் மோட்டாருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். குழந்தை கையை விட்டால் சுற்றும் துணி கையையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும். மோட்டாருக்கும் அது கேடுதான். மூடியைத் திறந்ததும் பிரேக் பிடித்துக்கொள்ளும், கரண்டோ நிற்காது. பிரேக்கோடு மல்லுக்கட்டியே மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது வைண்டிங், வெந்துபோகும்.

அடுத்தடுத்து நாலைந்து முறை ஓட்டிய பிறகு செத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே கிளம்புகிறதா? சில மோட்டார்களின் வைண்டிங்கில் சூடு தாண்டினால் கரண்டை வெட்டும் பாதுகாப்பு உண்டு, அதன் வேலையாக இருக்கலாம். அது ஏன் சூடேறியது என்பதைத்தான் தேட வேண்டும். விடை பெரும்பாலும் அடுத்த பகுதியில் இருக்கும்.

உறுமுகிறது, சுற்றவில்லை

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மூடியைத் திறந்து தொட்டியைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள், இறுக்கமாக இருக்கும், "ஜாம் ஆகிவிட்டது" என்பார்கள். மூடி திறந்திருக்கும்போது பிரேக் பிடித்திருக்கும், தொட்டி இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். சரியான சோதனை பின்பக்கத்தில் இருந்து. பிளக்கை எடுத்து, பின்மூடியைக் கழற்றி, டிரையர் மூடியை மூடிவிட்டு, மோட்டாருக்கு மேலே, அதைத் தொட்டியோடு இணைக்கும் கப்ளிங் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வெண்ணெய் மாதிரி சுற்றினால் கோளாறு பெரும்பாலும் கெப்பாசிட்டரில். கனமாக இருந்தால் பிரேக், துணி, துரு இந்த மூன்றில் ஒன்று.

கெப்பாசிட்டரை நம் மெக்கானிக்குகள் பலர் கண்டென்சர் என்பார்கள். மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்ற முதல் தள்ளலைக் கொடுப்பது அதுதான். டிரையர் மோட்டாருக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் அளவில் இருக்கும். பல மெஷின்களில் இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து ஒரே டப்பா, அதன் மேல் 10+5 என்பது போல இரண்டு எண் போட்டிருக்கும். பெரிய எண் துவைக்கும் மோட்டாருக்கு, சின்னது டிரையருக்கு. ஒரு பாதி செத்து மறுபாதி நன்றாக இருப்பது சகஜம். துவைக்கும் பக்கம் ஓடுகிறது என்பதால் கண்டென்சர் சரி என்று சொல்லிவிட முடியாது.

பிளக்கை எடுத்த பிறகும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும். ஒரு குண்டு பல்பு ஹோல்டரின் இரண்டு வயரை அதன் முனைகளில் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். பிறகு மைக்ரோஃபாரட் காட்டும் மல்டிமீட்டரில் பாருங்கள். 5 போட்டிருக்கும் இடத்தில் நாலரைக்குக் கீழே காட்டினால் மாற்றலாம். உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ மீட்டரே வேண்டாம். அதே எண்தான் வாங்க வேண்டும். 'கொஞ்சம் பெரிதாகப் போட்டால் வேகமாகச் சுற்றும்' என்று 5-க்குப் பதில் 10 போட்டால் வேகம் கூடாது, ஒரு வைண்டிங் சூடேறி எரியும். டேபிள் ஃபேன் மாதிரி கையால் தள்ளிவிட்டு ஓட்டிப் பார்க்கும் வேலையும் இதில் வேண்டாம்.

காலையில் சுற்றுகிறது, மாலையில் உறுமுகிறது என்றால் வோல்டேஜைப் பாருங்கள். இந்த மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து விழும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் இழுவை ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். கண்டென்சரும் பாதி தளர்ந்திருந்தால் மாலை நேரத்தில் கிளம்பாது.

கப்ளிங் கனமாகச் சுற்றினால் முதலில் பிரேக் வயர். மூடியை மூடும்போது இந்த வயர் இழுபட்டு, கப்ளிங் சக்கரத்தைப் பிடித்திருக்கும் பிரேக் ஷூவை விலக்க வேண்டும். வயர் தளர்ந்துவிட்டால் ஷூ முழுதாக விலகாது. அறுந்துவிட்டால் ஸ்பிரிங் ஷூவை எப்போதும் பிடித்தபடியே வைத்திருக்கும். ஒருவர் மூடியைத் திறந்து மூட, இன்னொருவர் பின்னால் இருந்து பார்த்தால் போதும். மூடியிருக்கும்போது ஷூவுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருக்க வேண்டும். உரசினால் வயரின் கொக்கியை அடுத்த ஓட்டைக்கு மாற்றி இறுக்குங்கள். ஓட்டை இல்லாத மாடல் என்றால் புது வயர்தான்.

பிரேக் சரி என்றால் துணி. கைக்குட்டையும் குழந்தைகளின் சாக்ஸும் சுற்றும் தொட்டிக்கும் வெளித் தொட்டிக்கும் இடையில் விழுந்து, தொட்டியைச் சுற்றும் தண்டான ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்து, நுனி வளைத்த சைக்கிள் போக்ஸ் கம்பியால் கொக்கி போட்டு, கப்ளிங்கை எதிர்ப்பக்கம் மெல்லச் சுற்றிக்கொண்டே இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் கப்ளிங் போல்ட்டைத் தளர்த்தித் தொட்டியையே மேலே உருவ வேண்டும். துணிக்கு மேல் அழுத்தி வைக்கும் ஓட்டை போட்ட உள்மூடி தொலைந்துபோன வீடுகளில்தான் இந்தத் தொல்லை ஓயாமல் வரும்.

வெளித் தொட்டியில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் மோட்டார் திணறும். டிரெயின் ஹோஸ் தரையில் தாழ்ந்து கிடக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிற்கிறது

கப்ளிங்கில் தொட்டியின் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கும். போல்ட்டை இறுக்கி, அதன் லாக் நட்டையும் இறுக்குங்கள். லாக் நட்டை விட்டுவிட்டால் பத்து நாளில் மறுபடி இதே கதை.

கிளம்பி, தடதடத்து நிற்கிறது

ஜீன்ஸ் ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம் என்று போட்டிருப்பீர்கள். சுற்றிலும் சமமாக அமுக்கி வைத்து உள்மூடியைப் போட்டு ஓட்டுங்கள். காலித் தொட்டியே ஆடினால் மோட்டாரைத் தாங்கும் மூன்று ஸ்பிரிங்கில் ஒன்று உடைந்திருக்கும்.

மோட்டாரே போய்விட்டதா?

மோட்டாரிலிருந்து மூன்று வயர் வரும். கண்டென்சரைப் பிரித்துவிட்டு, இரண்டிரண்டாக ஓம்ஸ் பாருங்கள். மூன்று அளவு கிடைக்கும்; பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டலாக இருக்க வேண்டும். 60, 90 என்று வந்தால் மூன்றாவது 150. ஏதாவது ஒரு ஜோடியில் ஒன்றுமே காட்டாவிட்டால் வைண்டிங் அறுந்திருக்கிறது. பிறகு மீட்டரின் ஒரு முனையை வயரிலும், மறுமுனையைப் பெயின்ட் சுரண்டிய மோட்டார் உடம்பிலும் வையுங்கள். ஏதாவது அளவு காட்டினால் கரண்ட் உடம்புக்குக் கசிகிறது. டிரையரைப் போட்டதும் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆவதற்கும் இதுவே காரணம். அந்த மெஷினை அப்படியே ஓட்டக்கூடாது. ஆர்சிசிபி இல்லாத வீட்டில் ஈரக் கையோடு தொடுபவரைத்தான் அது பிடிக்கும்.

மோட்டார் மாற்றுவதென்றால் அதற்கு மேலே, தண்ணீர் மோட்டாரில் சொட்டாமல் தடுக்கும் ரப்பர் பெல்லோஸையும் சீலையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பழைய மோட்டாரின் தலையில் வெள்ளையாகச் சோப்புத் தடமும் துருவும் வழிந்திருந்தால் அதைக் கொன்றது சீல் வழியாகச் சொட்டிய தண்ணீர். சீலை விட்டு மோட்டாரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். வேலை முடிந்து பின்மூடியைப் பூட்டும் முன் ஒரு வாளித் தண்ணீரை டிரையரில் ஊற்றி, மோட்டார் மேல் ஒரு சொட்டாவது விழுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் எலி புகாமல் தடுக்கும் வலை கிழிந்திருந்தால் அதையும் அப்போதே கட்டிவிடுங்கள்.