சந்தையை விட்டு வெளியேறிய சொற்கள்: பிரெஞ்சு நாளேடுகளைத் தமிழாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு நாளேடுகளின் அரசியல் பக்கத்தில் 'ஓ.பே.ஆ.' என்ற சுருக்கத்தைக் கண்டதும் வணிகச் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் பங்குகளை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று பங்குதாரர்களுக்குப் பகிரங்கமாக அறிவிப்பதே அதன் நேர்ப்பொருள். ஒருவர் ஒரு கட்சியின் மீது 'ஓ.பே.ஆ. நடத்துகிறார்' என்றாலோ, அங்கே பணப் பேச்சே இல்லை. கட்சியைத் தம் பிடிக்குள் கொண்டுவரப் பார்க்கிறார், அவ்வளவுதான். அதைக் 'கட்சியை விலைக்கு வாங்க முயல்கிறார்' என்று தமிழில் எழுதினால், அந்த மனிதர்மேல் இல்லாத லஞ்சப் பழியைச் சுமத்திவிடுகிறோம். இந்தத் தவறை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

ஆங்கிலத்திலிருந்து வந்த 'காஷ்' கடையில் ரொக்கம். அமைச்சர் 'காஷ்' பேசினார் என்றால், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினார்.

'க்ராக்', 'க்ராஷ்' இரண்டையும் குழப்புவோரும் உண்டு. முன்னது ஜெர்மன் சொல். 1873 மே மாதம் வியன்னா பங்குச்சந்தை சரிந்ததை ஒட்டிப் பிரெஞ்சில் பரவியது. 1882 ஜனவரியில் யூனியோன் ஜெனரால் வங்கி வீழ்ந்தபோது பிரான்சே அதை அனுபவித்தது. பின்னது ஆங்கிலச் சொல், விமானம் விழுவதற்கு உரியது. ஆகவே பங்குச்சந்தை 'க்ராக்' என்பதை 'விபத்து' என்று எழுதக் கூடாது. சரிவு, வீழ்ச்சி என்பவையே பொருந்தும்.

மிகுந்த கவனம் வேண்டியது 'ஹெட்ஜ் ஃபண்ட்', அதாவது பெரும் முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டிச் சந்தையில் துணிந்து இறங்கும் நிதி. ஹெட்ஜ் என்றால் வேலி. ஆங்கிலப் பெயர் பாதுகாப்பைச் சொல்கிறது. பிரெஞ்சில் அதற்கு வழங்கும் 'ஃபோன் ஸ்பெக்யுலாதிஃப்' என்ற பெயரோ ஊக வணிக நிதி என்கிறது. ஒரே பொருளுக்கு ஒரு மொழியில் வேலி, இன்னொன்றில் பந்தயம்! பிரெஞ்சுக் கட்டுரையாளர் அந்த நிதிகளைச் சாடும்போது பெயரிலேயே பாதி வாதம் அடங்கியிருக்கிறது. ஆங்கில அகராதியின் வழியே போய்க் 'காப்பு நிதி' என்று எழுதினால், அவர் எதற்காகக் கோபப்படுகிறார் என்பதே தமிழ் வாசகருக்குப் புரியாமல் போகும்.

'பாராஷூத் தொரே' என்பதையும் 'தங்கப் பாராசூட்' என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். பதவி பறிபோகும் மேலதிகாரிக்கு ஒப்பந்தப்படி கிடைக்கும் பெருந்தொகை அது. பிரெஞ்சு ஏடுகளில் பெரும்பாலும் கண்டனத் தொனியோடுதான் வரும். 'வெளியேறும்போது அள்ளிக்கொண்டு போன கோடிகள்' என்றால் அந்தத் தொனியும் சேர்ந்து வருகிறது.