பென்டிரைவில் பூட் ஆகவில்லையா? பயாஸைத் தொடும் முன் ஒரு நிமிடம்

விண்டோஸோ லினக்ஸோ போடலாம் என்று பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்கிறோம். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நிற்கிறது. பெரும்பாலானவர்கள் அந்த வரியைப் படிப்பதே இல்லை. நேராக பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் இயங்கும் அடிப்படை நிரலின் செட்டிங் திரை) போய், கண்ணில் பட்ட செட்டிங்கையெல்லாம் மாற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான்.

வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை அந்த வரிதான் சொல்கிறது. ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வந்தால், பூட் செய்யத் தகுந்த எதுவும் கம்ப்யூட்டருக்குத் தென்படவில்லை. ‘செக்யூரிட்டி வயலேஷன்’ என்று வந்தால், தென்பட்டது, ஆனால் அதன் டிஜிட்டல் கையொப்பத்தை ஏற்காமல் தடுத்துவிட்டது. லினக்ஸ் பாதி ஏறி ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நின்றால் பயாஸைத் திறக்க அவசியமே பெரும்பாலும் வராது. எழுதிய கோப்பையோ, பென்டிரைவையோ, அது செருகியிருக்கும் போர்ட்டையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வரி மறைவதற்குள் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘நோ பூட்டபிள் டிவைஸ்’ வருவதற்கு அடிக்கடி காணும் காரணம், டவுன்லோட் செய்த ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் டிஸ்க்கின் முழு நகல்) அப்படியே பென்டிரைவில் காப்பி செய்வது. பழைய பயாஸின் இடத்தில் இப்போது வரும் யூஇஎஃப்ஐ உள்ள கம்ப்யூட்டர், பென்டிரைவின் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டரில் ‘பூட்எக்ஸ்64’ என்ற கோப்பைத் தேடும். பழைய பயாஸ் முதல் 512 பைட்டைப் படிக்கும். வெறும் காப்பியில் இரண்டுமே அமையாது. ரூஃபஸ் போன்ற ஒரு கருவியால்தான் எழுத வேண்டும். வென்டாய் மட்டும் விதிவிலக்கு: அதை ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓவைக் காப்பி செய்தாலே போதும். பலேனா எட்சர் என்ற இன்னொரு கருவி லினக்ஸுக்கு நல்லது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு ஒத்துவராது, அதுவே எச்சரிக்கையும் காட்டும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள்.

ரூஃபஸில் ஜிபிடியா எம்பிஆரா (டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் இரண்டு முறைகள்) என்று கேட்கும் இடத்தில் அவசரம் வேண்டாம். விண்டோஸ் 11 என்றால் ஜிபிடி, யூஇஎஃப்ஐ. யூஇஎஃப்ஐ இல்லாத பழைய கம்ப்யூட்டருக்கு எம்பிஆர். சில கம்ப்யூட்டர்களின் பூட் மெனுவில் (எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல்) ஒரே பென்டிரைவின் பெயர் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் மட்டும் ‘யூஇஎஃப்ஐ’ என்று இருக்கும். மற்றதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், விண்டோஸ் நிறுவும்போது ‘இந்த டிஸ்க் ஜிபிடி முறையில் இருக்கிறது, இதில் நிறுவ முடியாது’ என்று வரும். இந்த இடத்தில்தான் பலர் எங்கோ பார்த்த யோசனையை நம்பி, விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் ‘கிளீன்’ கொடுத்து, டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் இழக்கிறார்கள். எதையும் அழிக்கத் தேவையில்லை. ரீஸ்டார்ட் செய்து ‘யூஇஎஃப்ஐ’ என்று போட்டிருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

பூட் மெனுவே வரவில்லை என்கிறீர்களா? டெல், லெனோவோவில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் முழுமையாக நடப்பதில்லை. அதனால் ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுத்து, அந்த விசையை விட்டு விட்டுப் பலமுறை அழுத்துங்கள்.

இனி சொல்லப்போவதில் மட்டும் தயவுசெய்து மிகக் கவனமாக இருங்கள். ‘கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டை ஆஃப் செய்’ என்பதுதான் எல்லோரும் முதலில் தரும் ஆலோசனை. இன்றைய பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கால் லாகின் செய்ததுமே டிஸ்க் முழுவதும் என்கிரிப்ட் ஆகி, கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுவிடுகிறது. வாங்கியவருக்கு அது தெரிவதே இல்லை. செக்யூர் பூட்டை ஆஃப் செய்ததும் அடுத்த முறை விண்டோஸ் அதைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அது கையில் இல்லாவிட்டால் குழந்தையின் போட்டோக்களும் ஆபீஸ் கோப்புகளும் திறக்காது. எனவே பயாஸுக்குள் போகும் முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த கீ இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்து பாருங்கள், பெரும்பாலும் கேட்பது நின்றுவிடும்.

இத்தனைக்கும் ஆஃப் செய்யும் தேவையே பல நேரம் இருக்காது. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாம் செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே ஏறும். வென்டாய் முதல் தடவை நீலத் திரை காட்டி, அதன் கீயைப் பதிவு செய்யச் சொல்லும். பயந்து அணைக்காமல் பதிவு செய்துவிட்டால் பிறகு கேட்காது. ‘எஸ்பிஏடி’ என்ற சொல்லோடு பிழை வந்தால் உங்கள் லினக்ஸ் ஐஎஸ்ஓ பழையது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் பழைய பூட் கோப்புகளை ஏற்கவிடாமல் செய்தது. புதிய பதிப்பை இறக்கி எழுதிப் பாருங்கள்.

அப்புறம், ஐஎஸ்ஓ முழுமையாக இறங்கியதா என்று யாரும் பார்ப்பதில்லை. தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பின் அடையாள எண்), விண்டோஸின் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளை காட்டும் எண்ணோடு ஒப்பிட்டால் போதும். மலிவு விலையில் 1 டிபி என்று விற்கும் போலி பென்டிரைவ்களில் எழுதியது பாதியில் காணாமல் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரல் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் அந்தச் சோதனையை பென்டிரைவ் காலியாக இருக்கும்போதே செய்யுங்கள்.

எல்லாம் சரியாக ஏறி, கடைசியில் ‘டிஸ்க்கே இல்லை’ என்று இன்ஸ்டாலர் சொன்னால் எஸ்எஸ்டி போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான பல லேப்டாப்களில், டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தால், அதற்கான டிரைவர் இல்லாத இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ வழியாகக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும். பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்தாலும் தெரியும்தான். ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அதற்குப் பிறகு பூட் ஆகாமல் போகக்கூடும். பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போட நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே கை வைக்க வேண்டும்.