டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் செய்யக்கூடாதவை

தாத்தாவுக்கு ரங்கூனிலிருந்து அவருடைய அண்ணன் 1941-இல் எழுதிய கடிதம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில். இருபது வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் நான்தான் அதை லேமினேஷன் போட்டு வாங்கி வந்தேன். கடைக்காரர் மேல் தப்பே இல்லை, கேட்டதைச் செய்து கொடுத்தார். இயந்திரத்துக்குள் போகும்போது தாளின் ஒரு மூலை மடங்கிக்கொண்டது. இரண்டு வரி அந்த மடிப்புக்குள் போய்விட்டது. பெரிய தாத்தா ஏதோ ஒரு தொகையைப் பற்றி எழுதியிருக்கிறார். எவ்வளவு, யாருக்கு என்பது மடிப்புக்குள் இருக்கிறது.

பழைய காகிதம் என்றால் எல்லாரும் கரையானைத்தான் திட்டுகிறோம். நான் பார்த்தவரை கரையானுக்குச் சமமாகக் கெடுப்பவர்கள் என்னைப் போல ஆசையோடு கை வைப்பவர்கள். வீட்டுப் பரணிலிருந்து கடிதக் கட்டு, மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, ஓலைச்சுவடி என்று எது இறங்கினாலும் முதலில் தோன்றுவது துடைக்கலாம், ஒட்டலாம், அடுக்கலாம் என்பதுதான். அந்த மூன்றிலும்தான் சேதம் ஆரம்பிக்கிறது.

லேமினேஷனில் என்ன கெடுதல்? சூட்டில் உருகும் பசை காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடுகிறது. உறையை உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். காகிதத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் அமிலமும் எங்கேயும் போவதில்லை, உள்ளேயே இருந்து தாளைப் பழுப்பாக்கிக்கொண்டிருக்கும். பெரிய ஆவணக் காப்பகங்களே போன நூற்றாண்டில் இந்த வழியில் போனவைதான். டில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை, அதைக் கரைக்கும் அசிட்டோன் திரவம் தடவிக் கையாலேயே ஒட்டும் முறை உருவாகி, பல ஊர்களுக்கும் பரவியது. இன்று காகிதம் பாதுகாப்பவர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை மாவுப் பசையையும்தான் விரும்புகிறார்கள். காரணம் எளிது. நாளைக்கு வேண்டாம் என்றால் லேசாக ஈரம் காட்டிப் பிரித்து எடுத்துவிடலாம்.

செல்லோ டேப் இதைவிட மோசம், ஏனென்றால் எல்லார் வீட்டு மேஜை டிராயரிலும் அது இருக்கிறது. சில வருஷங்களில் டேப் மட்டும் காய்ந்து உதிர்ந்துவிடும். பசை எண்ணெய் போல ஊறி, ஒட்டிய இடத்தில் மஞ்சள் பட்டையாக நின்றுவிடும். கிழிந்த தாளை ஒட்டவே வேண்டாம். இரண்டு துண்டையும் ஒரே உறையில் சேர்த்து வைத்தால் போதும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இரண்டையும் எடுத்துவிட வேண்டும், நம் ஊர் ஈரக்காற்றில் துரு பிடித்து ஓட்டை போட்டுவிடும். இழுத்துப் பிடுங்காமல் பின்னின் இரண்டு காலையும் நிமிர்த்திவிட்டு எடுங்கள். உறை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு மாதிரி வாசனை வந்தால் அது பிவிசி, வேண்டாம். பாலியெஸ்டர் உறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய வெள்ளை வேட்டித் துணி போதும், நன்றாகத் துவைத்தது, கஞ்சி போடாதது. கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. செய்தித்தாளில் மட்டும் சுற்றி வைக்காதீர்கள், அதன் அமிலம் உள்ளே இருப்பதற்கும் ஏறிவிடும்.

சரி, இதெல்லாம் தாளுக்கு வரும் சேதம், கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் சேதம் ஒன்று உண்டு, நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். அது அடுக்கி வைப்பது.

ஒரு கட்டைப் பிரிக்கிறோம். மேலே ஒரு கல்யாணப் பத்திரிகை, அடியில் மொய் நோட்டு, அதற்குள் மடித்து வைத்த ஜவுளிக்கடை பில், பந்தல்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு, நகை அடகு ரசீது. உடனே நம் கை பரபரக்கிறது. பத்திரிகைகளெல்லாம் ஒரு பக்கம், பில்லெல்லாம் ஒரு பக்கம், நோட்டெல்லாம் ஒரு பக்கம். அரை மணி நேரத்தில் மேஜை அழகாகிவிடும். அந்தக் கல்யாணம் எந்த நகையை வைத்து நடந்தது, எவ்வளவு மொய் வந்தது, அடகு மீண்டதா என்ற கதை போய்விடும். அந்தக் கதையைச் சொன்னது தனித்தனித் தாள்கள் இல்லை, அவை சேர்ந்து கிடந்த விதம். காப்பகங்களில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். வந்த வரிசை கலையக்கூடாது, ஒருவருடைய தாள்களை இன்னொருவருடையதோடு கலக்கக்கூடாது. வீட்டில் செய்யக்கூடியது இதுதான்: கயிறு அவிழ்க்கும் முன் ஒரு போட்டோ, ஒவ்வொரு அடுக்கு எடுக்கும்போதும் ஒரு போட்டோ. அப்புறம் 2பி பென்சிலால் ஓரத்தில் சின்னதாக ஒரு எண். பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது.

கடித உறையைத் தூக்கிப் போடுவதும் இதே வகைத் தவறுதான். கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் உறையில் தபால் முத்திரை இருக்கும். போர்க்காலத்து உறை என்றால் தணிக்கை அதிகாரி பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டிய சீட்டுகூட இருக்கலாம். நான் லேமினேஷன் போட்ட நாளில் ரங்கூன் கடிதத்தின் உறையைக் குப்பையில் போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதை வைத்துக்கொள்வது, எதை எடைக்குப் போடுவது என்பதிலும் நம் கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. பைண்டு செய்த புத்தகங்களைப் பத்திரமாக வைப்போம். நோட்டீஸ், நாடக விளம்பரம், சினிமா பாட்டுப் புத்தகம், பஸ் டிக்கெட் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகும். புத்தகம் நூறு நூலகத்தில் கிடைக்கும். 1930-களில் ஒரு சின்ன ஊரில் நடந்த ஸ்பெஷல் நாடகத்தின் நோட்டீஸ் உங்கள் பெட்டியில் மட்டுமே மிச்சம் இருக்கலாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையாவுக்கு இது புரிந்திருந்தது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். புத்தகம், பத்திரிகைகளோடு நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, நல்லவேளையாகக் கப்பலேற்றாமல் இங்கேயே வைத்தது. 1994-இல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம் அதுதான்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இதற்கு இன்னும் கனம் அதிகம். அங்கே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளை ஒட்டி அவருடைய வம்சம், வாழ்க்கை, இரங்கற்பாக்கள் எல்லாம் சேர்த்துச் சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பார்கள், நினைவு மலர் என்றும் சொல்வதுண்டு. 1981-இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அப்படி ஒரு இழப்புக்குப் பிறகு, வீட்டு அலமாரியில் கிடக்கும் எட்டுப் பக்கக் கல்வெட்டும் ஒரு ஊரின் சரித்திரம்தான். நூலகம் என்ற இணையத் திட்டம் 2005 முதல் இவற்றையும் சேர்த்துக்கொண்டே வருகிறது.

நம் வீடுகளில் இன்னொரு அருமையான வழக்கம் இருந்தது, வார இதழ்த் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்வது. 1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' முதன்முறை வந்தபோது ஓவியர் மணியத்தின் படங்களோடு அப்படிச் சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். 'கதைதான் கடையில் கிடைக்கிறதே' என்று இன்று அதைத் தூக்கிப்போடுகிறார்கள். கதை கிடைக்கும். கதைப்பக்கத்தின் மறுபுறத்தில் இருக்கும் சோப்பு விளம்பரமும் துணுக்கும் பாட்டி ஓரத்தில் எழுதிய பால் கணக்கும் எந்தக் கடையில் கிடைக்கும்? மறுபடி பைண்டுக்குக் கொடுத்தால் பைண்டர் ஓரத்தை நறுக்கிச் சீர்செய்வார், பால் கணக்கு அவர் கடைத் தரையில் விழும். செய்தி வெட்டி ஒட்டிய நோட்டு என்றால் பிரச்சினை வேறு. எந்தப் பத்திரிகை, என்ன தேதி என்று எழுதாமலே ஒட்டியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க வெட்டுத்துண்டைப் பிய்த்துப் பின்பக்கம் பார்க்காதீர்கள். பக்கத்து வெட்டுத்துண்டுகளை வைத்தே பல நேரம் ஊகித்துவிடலாம்.

தேதி என்றதும் நினைவுக்கு வருகிறது. தமிழ் வருஷப் பெயரைப் பார்த்துச் சட்டென்று ஆண்டு போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கல்யாணப் பத்திரிகையில் 'விய வருஷம்' என்று இருந்தால் அது 1946-ஆகவும் இருக்கலாம், 1886-ஆகவும் இருக்கலாம், ஏன், 2006-ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷ வட்டம் அப்படி. அப்புறம் துப்பறிய வேண்டியதுதான். விலை அணாக் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தையது, அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. மாநிலப் பெயர் தமிழ்நாடு என்று சட்டப்படி மாறியது 1969 ஜனவரியில், ஆனால் மக்கள் அதற்கு வெகு முன்பே அப்படி எழுதினார்கள், அதை மட்டும் நம்பக்கூடாது. மாதம், தேதி, கிழமை மூன்றும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு முடிவுக்கு வந்துவிடலாம். நாஞ்சில் நாட்டுத் தாள்களில் 1100 என்று ஆண்டு கண்டால் சோழர் காலத்துக்குப் போய்விடாதீர்கள். அது கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு, 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

ஓலைச்சுவடிக்கு வருவோம். சரஸ்வதி பூஜைக்குச் சுவடியை எடுத்து மஞ்சள் குங்குமம் இடுவது பக்திதான், ஆனால் ஈரக் குழம்பு எழுத்துப் பள்ளத்தில் இறங்கிக் கெட்டியாகிவிடும். பொட்டு மேல்கட்டைக்கும் துணிக்கும் இருக்கட்டும், ஓலைக்கு வேண்டாம். நூலகங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவதைக் கேள்விப்பட்டு வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவியவர்களை எனக்குத் தெரியும். பிசுபிசுப்பில் தூசும் பூச்சியும் ஏறியதுதான் மிச்சம். ஒட்டிக்கொண்ட ஓலைகளைக் கத்தி விட்டுப் பிரிக்காதீர்கள். கயிறு இற்றுப்போயிருந்தால் ஓலைகள் சிதறும் முன்பே வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் தனியாக நிற்கும் 'க', 'உ' எல்லாம் எழுத்து என்று நினைத்துவிட வேண்டாம், தமிழ் எண்ணில் ஒன்றும் இரண்டும் அந்த வடிவம்தான். முதல் ஓலையில் இருக்கும் 'உ' மட்டும் பிள்ளையார் சுழியாக இருக்கும்! மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒன்று போலிருக்கும். பழகியவரைக் கூப்பிடாமல் 'இது சித்த வைத்தியம்' என்று முடிவு கட்டி அதன்படி மருந்து அரைக்கக் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை 'இங்கே ஏசி அறையில் பத்திரமாக இருக்கும்' என்று சுவடியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகப் பார்ப்பான். இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி, வரலாறு, இலக்கியம், அறிவியல், அழகியல் என்ற வகையில் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 வருஷத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் அது தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது.

தண்ணீர் பட்டால் என்ன செய்வது என்று 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நிறையப் பேர் தவித்தார்கள். வெயிலில் காயவைப்பதுதான் முதல் உள்ளுணர்வு, அதில்தான் தாள் முறுகும், மை வெளுக்கும். நிழலில் விரித்து மின்விசிறி போடுங்கள். இரண்டு நாளுக்குள் செய்யாவிட்டால் பூஞ்சை வந்துவிடும். கட்டுக் கட்டாக நனைந்திருந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து நேரம் வாங்கிக்கொள்ளலாம். உறைந்த தாளில் பூஞ்சை வளராது. மற்றபடி ஓட்டுக்கூரைக்கு அடியில் கொதிக்கும் பரணைவிட, நடு அறையில் வெளிச்சுவர் ஒட்டாத பீரோவே நல்லது. அந்துருண்டை வேண்டாம், அது பூச்சியைக் கொல்வதைவிட உங்களுக்குத் தலைவலி கொடுப்பது நிச்சயம்.

போனில் ஸ்கேன் செய்கிறவர்கள் அந்தச் செயலி தானாகக் கறுப்பு வெள்ளையாக்குவதை அணைத்துவிடுங்கள். பென்சில் குறிப்பு, மங்கிய முத்திரை, இரண்டாவது மையில் போட்ட திருத்தம் எல்லாவற்றையும் அது அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், கோப்பாக அனுப்புங்கள். ஸ்கேன் ஆகிவிட்டது என்று மூலத்தை எடைக்குப் போடுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

நூலகத்துக்குக் கொடுப்பது என்று முடிவானால், பட்டியலும் எழுத்தில் ஒப்பந்தமும் இல்லாமல் கொடுக்காதீர்கள். ஒரு நூலகத்துக்கு நான் வாய்வார்த்தையாகக் கொடுத்த கட்டு நான்கு வருஷம் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை மாதிரி கடிதங்களைப் பிரித்துக்கொள்வதும் வேண்டாம். கடிதத்தாள் பெற்றவருடையதாக இருந்தாலும் அதைப் பதிப்பிக்கும் உரிமை எழுதியவருக்கும் வாரிசுகளுக்கும்தான், அவர்களையும் கேட்க வேண்டும்.

கடைசியாகப் புகைப்படங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், எழுதும்போது உறவுமுறையை எழுதாமல் பெயரை எழுதுங்கள். எங்கள் பெட்டியில் கோட்டுப் போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் 'பெரியப்பா, 1958' என்று இருக்கிறது. எழுதியது யார் என்று தெரியவில்லை. இரண்டு குடும்பத்தார் அவரைத் தங்கள் பெரியப்பா என்கிறார்கள், மூக்கைப் பார்த்தால் இரண்டு பக்கமும் பொருந்துகிறது.