கோலாலம்பூர் வெப்பத்தில் செடி வைத்த முதல் மீன் தொட்டி: மீன் வாங்குவதற்கு முன்னும் பின்னும்

முதன்முதலாக மீன் தொட்டி வைக்க நினைப்பவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது, எந்த மீன் வாங்கலாம் என்றுதான். மீனுக்குக் கட்டாயம் வருவோம். ஆனால் தொட்டி வைத்த நாளிலிருந்து மீன் வாங்கும் நாளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. முதலில் ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். இங்கே வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் சாதாரணமாகவே 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும், ஹீட்டரை மறந்துவிடுங்கள். இந்தச் சூட்டில் நன்றாக வாழும் மீனையும் செடியையும் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம்.

1. தொட்டியும் இடமும்

இரண்டடித் தொட்டி வாங்குங்கள். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் என்றால் ஏறக்குறைய 65 லிட்டர் பிடிக்கும். ஒரு அடித் தொட்டி சுலபம் என்று தோன்றும், உண்மை அப்படியில்லை. தண்ணீர் குறைவாக இருந்தால் அழுக்கும் சூடும் சட்டென்று ஏறிவிடும்.

தண்ணீர் மட்டுமே 65 கிலோ. கண்ணாடி, மண், கல் எல்லாம் சேர்ந்தால் 85 கிலோவைத் தாண்டும். பலகையில் செய்த டிவி அலமாரி நாளடைவில் வளைந்துவிடும், இரும்பு ஸ்டாண்டே நல்லது. பால்கனி வேண்டாம், வெயில் படும் சன்னலோரமும் வேண்டாம். பாசி பிடிக்கும், சூடும் ஏறும். மின்கம்பி பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விடுங்கள். கம்பி வழியே ஒழுகும் தண்ணீர் தரையில் சொட்டுமே தவிர பிளக்குக்குள் போகாது.

2. மண், ஃபில்டர், விளக்கு

அடியில் மெல்லிய மணல், முன்புறம் 3 செ.மீ., பின்புறம் 6 செ.மீ. போதும். தண்ணீர் மேற்பரப்பு எப்போதும் சலசலக்கும்படி ஃபில்டரை வையுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் நம் ஊரில் இந்தச் சலசலப்பு அவசியம். விளக்குக்கு ஒரு டைமர் வாங்கி 6 முதல் 8 மணி நேரம் வைத்தால் போதும்.

3. செடி நடுதல்

முதல் தொட்டிக்கு கிரிப்டோகோரைன் (சுருக்கமாக கிரிப்ட்), ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ் நான்கும் போதும். அதிக வெளிச்சம் கேட்காது, தனியாகக் கரியமில வாயு கொடுக்கவும் வேண்டாம். வேரின் வழியே உண்ணும் கிரிப்டுக்கு மட்டும் அடியில் ஓர் உரக்குச்சி செருகிவிடலாம்.

கடையிலிருந்து வந்த கிரிப்டின் வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சை முழுவதும் பிய்த்து எடுங்கள். நீண்ட வேரை இரண்டு விரல்கடை அளவுக்கு வெட்டி, வேரோடு சேர்த்து இடுக்கியால் பிடித்து மணலில் சாய்வாகக் குத்துங்கள். கொஞ்சம் ஆழமாகவே இறக்கி, பிறகு மெல்ல மேலே இழுங்கள். இலை தொடங்கும் இடம் மணலுக்கு மேலே தெரிய வேண்டும். ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் வேறு மாதிரி. அவற்றின் கிழங்குத் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். மரக்கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டினால் போதும், வேர் தானே பிடித்துக்கொள்ளும்.

புதுக் கட்டையிலிருந்து சாயம் இறங்கித் தண்ணீர் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர் நிறத்துக்கு வரும். பயப்படாதீர்கள், மீனுக்குக் கெடுதல் இல்லை.

நட்ட இரண்டாம் வாரத்தில் கிரிப்ட் இலைகள் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்து, விளிம்பிலிருந்து கூழாகி உதிர ஆரம்பிக்கும். இந்த இடத்தில்தான் பலர் செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறார்கள். தயவுசெய்து பிடுங்காதீர்கள்! இடம் மாறிய கிரிப்ட் பழைய இலையை உதிர்ப்பது வழக்கம்தான். கெட்ட இலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை விட்டுவையுங்கள், சில வாரங்களில் நடுவிலிருந்து புதுத் துளிர் வரும்.

4. தண்ணீர் பழகும் வரை காத்திருத்தல்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, ஆன்டி-குளோரின் விட்ட பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். அது சின்ன வேலை. பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவை வளர்ப்பது.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். அப்புறம் இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டின் கெடுதல் குறைவு, செடிகளுக்கு அது உணவும்கூட. இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: தண்ணீர் சூடாக ஆக அம்மோனியாவின் விஷமும் கூடும். அவசரப்பட்டு மீன் விட்டால் நம் ஊரில் அது இரட்டைக் கொடுமை.

தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். நண்பர் வீட்டு ஆரோக்கியமான தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் பஞ்சுத் துண்டு ஒன்று கிடைத்தால் உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள், காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும். வாரம் இருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியா முதலில் ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், பிறகு இரண்டும் இறங்கும். உணவு போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார்.

5. மீன்

என் முதல் தேர்வு ஹார்லெக்வின் ரஸ்போரா. செம்பு நிற உடலில் நடுவிலிருந்து வால்வரை கறுப்பு முக்கோணம். சிலாங்கூரின் வட பகுதிச் சதுப்புக் காடுகளிலேயே வாழும் மீன் அது. நம் மண்ணின் மீன் நம் வீட்டுத் தொட்டியில் கூட்டமாகத் திரும்பும் அழகுக்கு ஈடே இல்லை. எட்டு வாங்குங்கள், ஒன்றிரண்டாக வைத்தால் பயந்து மூலையில் ஒதுங்கும். இரண்டு வாரம் கழித்து, மணலைத் துழாவும் குஹ்லி லோச் ஆறு. இன்னும் இரண்டு வாரம் கழித்து ஒரு ஹனி கோராமி ஜோடி. இந்தத் தொட்டிக்கு அவ்வளவுதான். ஒவ்வொரு கூட்டம் வந்த பிறகும் அம்மோனியா பாருங்கள். தொட்டிக்கு மூடி வேண்டும், ரஸ்போரா குதிக்கும்.

நியான் டெட்ரா எல்லாக் கடையிலும் இருக்கும், ஆனால் குளிர்ந்த தண்ணீரே அதற்கு ஒத்துக்கொள்ளும். அந்த நீலமும் சிவப்பும்தான் வேண்டுமென்றால் கார்டினல் டெட்ரா வாங்குங்கள், சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். பாசி தின்னும் என்று சொல்லித் தரும் இக்கான் பண்டாராயா, அதாவது கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் மீன், வேண்டவே வேண்டாம். ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள், இன்று கிள்ளான் ஆற்றில் உள்ளூர் மீன்களுக்கு அது பெரும் தொல்லை.

மீன் பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, அரை மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் வேண்டாம்.

6. அன்றாடப் பராமரிப்பு

வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சை அப்படி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் கழுவினால் வளர்த்த பாக்டீரியா செத்துப்போகும். தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்தால் வீட்டுக்குப் பிடிக்கும்போது தொட்டிக்கும் ஒரு வாளி பிடித்து வையுங்கள். தண்ணீர் திரும்பி வரும் முதல் நாள் குழாயில் கலங்கலாக வரலாம், அன்று தண்ணீர் மாற்ற வேண்டாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டாரிடம் உணவு டப்பாவைக் கொடுக்காதீர்கள். பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். வளர்ந்த மீன் நான்கைந்து நாள் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும். டைமர் ஓடுகிறதா, ஃபில்டர் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.