பாலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு பிரஷ்: பால்பற்களில் சொத்தை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

புட்டியைச் சப்பிக்கொண்டே குழந்தை கண்ணயர்ந்துவிட்டால் வீடே பெருமூச்சு விடும். ஆனால் அந்தக் கடைசி வாய்ப் பால் வயிற்றுக்குள் போவதில்லை. மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். விழித்திருக்கும்போது குழந்தை விழுங்கிக்கொண்டே இருக்கும், உமிழ்நீரும் ஊறிக்கொண்டே இருக்கும், வாய் தானாகக் கழுவப்படும். தூங்கியதும் இரண்டும் வெகுவாகக் குறைந்துவிடும். பல்லில் படிந்திருக்கும் பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை அது அமிலமாக மாற்றும். பல்லின் மேற்பரப்பில் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து தாது உப்புகள் கரையத் தொடங்கும். பால்பல்லின் எனாமல், நிலையான பல்லில் இருப்பதில் சுமார் பாதி கனம்தான். அதனால் சொத்தை வேகமாக உள்ளே இறங்கிவிடும்.

"பால்பல்தானே, விழுந்து முளைக்கப்போகிறது" என்று யாராவது சொன்னால், எந்தப் பல் எப்போது விழும் என்று திருப்பிக் கேளுங்கள். முன்பற்கள் விழ 6, 7 வயதாகும். பால் கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயது வரை இருந்தாக வேண்டும். அதுவரை மெல்லுவதும் அவற்றால்தான், பின்னால் வரும் பற்களுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவைதான்.

படி 1: உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

பெரியவர்கள் இருவர் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்காருங்கள். குழந்தை ஒருவரைப் பார்த்தபடி மடியில் உட்காரட்டும். அப்படியே அதை மல்லாக்கச் சாய்த்து, தலை அடுத்தவர் மடியில் வரும்படி படுக்க வையுங்கள். முதலாமவர் கைகளைப் பிடித்துக்கொள்ள, தலைப்பக்கம் இருப்பவர் மேல் உதட்டைத் தூக்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன் சுத்தமான துணியால் பல்லை ஒற்றி உலர்த்துங்கள். ஈரமான பல்லில் முதல் அறிகுறி தெரியாது. உலர்ந்த பல்லில் ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கலான வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம். வெண்மையாக இருப்பதால் பலரும் நல்ல பல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஆரோக்கியமான பல் பளபளக்கும், இந்தக் கோடு பளபளக்காது. அடுத்த கட்டத்தில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஓரம் உதிர்வது. மேல் பற்களின் பின்பக்கத்தையும் பார்க்கத் தவறாதீர்கள்.

மேலே நான்கு முன்பற்களும் கெட்டு, கீழே முன்பற்கள் மட்டும் பளிச்சென்று இருந்தால், முதலில் இரவுப் பாலைத்தான் சந்தேகப்பட வேண்டும். குழந்தை சப்பும்போது நாக்கு முன்னே வந்து கீழ்ப்பற்களை மூடிக்கொள்ளும். நாக்குக்கு அடியிலிருந்து ஊறும் உமிழ்நீரும் அங்கேதான் முதலில் சேரும்.

மாதம் ஒருமுறை இப்படிப் பார்த்தால் போதும்.

படி 2: வரிசையை மாற்றுங்கள்

பால், பல் துலக்கல், தாலாட்டு, தூக்கம். வரிசை இதுதான். தூங்குவதற்கு 30 நிமிடம் முன்னதாக, விளக்கு எரியும் அறையில், உட்கார வைத்துப் பால் கொடுங்கள். படுக்கைக்குப் புட்டி வரவே கூடாது. படுத்தபடி குடித்தால் புரையேறும் ஆபத்தும் உண்டு, காதில் தொற்று வரும் வாய்ப்பும் கூடும்.

துலக்கிய பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். பெரும்பாலும் வரிசை குலைவது இருமல் மருந்தால்தான். சிரப்புகள் பலவற்றில் சர்க்கரை இருக்கும், ஆகவே இரவு வேளை மருந்தைத் துலக்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பாலில் சர்க்கரை கலப்பதும் ரப்பர் சூப்பானைத் தேனில் தோய்த்துக் கொடுப்பதும் கூடவே கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் ஆகாது. அது பல்லைப் பற்றிய கவலை மட்டுமல்ல, போட்டுலிசம் என்ற கடும் நச்சுப் பாதிப்பு வரலாம்.

படி 3: சரியான அளவு பேஸ்ட், சரியான இடம்

முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்து துலக்க வேண்டும், காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. பேஸ்ட் டியூபில், எனாமலை உறுதியாக்கும் ஃப்ளூரைடு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் முழுக்க நீளமாகப் பிதுக்கினால், குழந்தை அத்தனையையும் விழுங்கிவிடும்.

பிரஷின் நார்கள் பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படும்படி சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். சொத்தை தொடங்குவதே ஈறு ஓரத்தில்தான், அவசரத் துலக்கலில் விட்டுப்போவதும் அந்த இடம்தான். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வைத்தால் ஃப்ளூரைடும் சேர்ந்து போய்விடும். 7, 8 வயது வரை துலக்கிவிடும் பொறுப்பு பெரியவர்களுடையது. குழந்தை ஆசைக்கு ஒரு சுற்றுத் தேய்க்கட்டும், அடுத்த சுற்று உங்கள் கையால்.

படி 4: இரவுப் புட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துதல்

இது ஒரு வயது நிறைந்த குழந்தைகளுக்கு மட்டும். அதற்கு முன் இரவுப் பால் பசிக்கான உணவு. ஒரு வயதுக்குள் பாலில் கூடுதலாகத் தண்ணீர் கலப்பது ஆபத்தானது, உடலில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். எடை குறைவான குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இப்போது 180 மி.லி. குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவுக்கு ஒருமுறை 30 மி.லி. குறையுங்கள்: 150, 120, 90, 60, 30. பதினோராம் இரவில் புட்டி இல்லை. குறைத்த பாலைப் பகலில் கப்பில் கொடுத்துவிடலாம். அளவு குறைவதைக் குழந்தை கண்டுபிடித்துவிடும் என்றால் இன்னொரு வழி: அளவை மாற்றாமல் தண்ணீரைக் கூட்டுவது. முக்கால் பங்கு பால், பிறகு பாதி, பிறகு கால், கடைசியில் வெறும் தண்ணீர். ருசி போனால் ஆசையும் போய்விடும்.

பெரும்பாலும் 60 மி.லி. கட்டத்தில்தான் அழுகை உச்சத்துக்குப் போகும். அன்றிரவு மனசு கேட்காமல் மறுபடி 180 கொடுத்தால், நீண்ட நேரம் அழுதால் முழுப் புட்டி வரும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். தட்டிக் கொடுங்கள், தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அளவை ஏற்றாதீர்கள். காய்ச்சல் வந்தால் அதே அளவில் நிறுத்தி வைத்து, தேறியபின் தொடரலாம். பாலுக்குப் பதில் ஜூஸ் என்று மட்டும் போய்விடாதீர்கள், அதில் சர்க்கரையோடு அமிலமும் சேர்ந்தே இருக்கிறது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு?

இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வயதுக்குப் பிறகும் இரவு முழுக்க நினைத்தபோதெல்லாம் குடித்து, காம்பை வாயில் வைத்தபடியே தூங்கும் பழக்கத்தில்தான் சொத்தைக்கான வாய்ப்பு கூடுகிறது. குழந்தை தூங்கியதும் உங்கள் சுண்டுவிரலை அதன் வாயோரத்தில் மெல்ல நுழைத்தால் பிடி தளரும், காம்பை எடுத்துவிடலாம். இரவுத் துலக்கலை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள்.

ஏற்கெனவே கறை தெரிந்தால்

வெள்ளைக் கோடு மட்டும் என்றால் மீட்க முடியும். பல் மருத்துவர் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசுவார், வீட்டில் மேலே சொன்ன வரிசையைப் பிடித்தால் எனாமல் மறுபடி இறுகும். குழி விழுந்துவிட்டால் அது தானாக மூடாது. சில்வர் டையமின் ஃப்ளூரைடு என்ற திரவத்தைத் தடவி, துளையிடாமலே சொத்தையின் ஓட்டத்தை நிறுத்தலாம். அந்த இடம் கறுத்துவிடும், முன்பல்லாக இருந்தால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். ஈறில் சீழ்க்கொப்புளம், முக வீக்கம், அதோடு காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

துலக்குவதற்குள் தூங்கிவிட்டால்?

எழுப்ப வேண்டாம். ஈரத் துணியை விரலில் சுற்றி, மேல் உதட்டைத் தூக்கி, நான்கு முன்பற்களையும் முன்னும் பின்னும் துடைத்துவிடுங்கள். துலக்கியதற்கு அது ஈடாகாது, ஆனால் தேங்கிய பால் போய்விடும். மறுநாள் பால் நேரத்தைக் கால்மணி முன்னால் தள்ளிவையுங்கள்.